ஹால் டிக்கெட்டின் பின்பக்கம்

அத்தியாயம் 9

போன வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி இஃப்ராவைத்தான் கூண்டில் ஏற்றியிருந்தன. ‘அந்தத் தோழி சரியில்லை, சொல்லிவிட்டேன்’ என்று ஒருவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். ராயப்பேட்டை வாசகி அஃப்சருன்னிசா மட்டும், ‘எதற்கும் வீட்டுக்குள்ளேயும் ஒரு பார்வை பாருங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். நான் இருவருக்கும் பதில் போடவில்லை. இன்றைக்குப் புதன்கிழமை, விசாரணை நாள். கதையே பதில் சொல்லட்டும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: பட்டினப்பாக்கம் மீனவர் குடியிருப்பில் இருக்கும் லாசர், தேசம்மா தம்பதியின் ஒரே மகள் ஜாஸ்மின். அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நவம்பர் தேர்வில் அவள் ஹால் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்த கண்காணிப்பாளர், பின்பக்கத்தில் ஐந்து வரி எண்கள் எழுதியிருப்பதைப் பிடித்துவிட்டார்.

ஜாஸ்மின் அதை எழுதவில்லை. சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவள் நிமிர்வதற்குள் தாள் உறைக்குள் போய், உறை ஒட்டப்பட்டுவிட்டது. ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று எழுதப் போனவளை, “மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிட்டுப் போம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று ஒருவர் அனுதாபமாகச் சொன்னார். அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தாள். அந்த இரண்டு வரிதான் இப்போது அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம்.

குற்றம் உறுதியானால் மூன்று பருவத்துக்குத் தேர்வு எழுத முடியாது. ஒன்றரை வருடம் போய்விடும். பெருங்குடியில் ஒரு கம்பெனி ஜூன் மாதம் வந்து வேலையில் சேரச் சொல்லியிருக்கிறது. பட்டம் இல்லாமல் போய் நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட நாளில், லாசர் கடலுக்குப் போய்விட்டார்.

தேசம்மா எழுந்து பார்த்தபோது பாய் காலியாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட்டார்: “நான் வந்து இன்னா பண்ணப் போறேன்? அவுங்க பேசற பேச்சே எனக்குப் புரியாது. நீ உன் தம்பிய இட்டுக்கினு போ.”

இந்த மனிதர்தான் மகள் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் கேட்டில் நின்றவர். விசாரணைக்கு வரச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து மெமோ வந்து மூன்று வாரமாகிறது. அந்த மூன்று வாரமும் அவர் மகளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ‘யார் எழுதியது’ என்று ஊரே கேட்டது. பெற்ற அப்பன் கேட்கவில்லை. தேசம்மா இதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, கோபத்தில் இருக்கிறார், இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்தாள்.

மாதா சுரூபத்தின் காலடியிலிருந்து மெமோவை எடுத்து ஜாஸ்மினிடம் கொடுத்தாள். தேர்வு என்றால் முந்தின நாளே ஹால் டிக்கெட்டை மாதாவின் காலடியில் வைத்துவிடுவது அவள் வழக்கம். நவம்பரிலும் வைத்தாள். இப்போது மெமோவையும் வைத்திருந்தாள். அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பிளக் பாயிண்டும் அந்த அலமாரியில்தான். மாதாவின் சீரியல் விளக்கு, வீட்டுச் செல்போன்கள், மழை நாளில் தம்பி பாரத்தின் வீட்டில் கரண்ட் போனால் அவனுடைய ஜிபிஎஸ் மெஷின் எல்லாம் அங்கேதான் வரிசையில் நிற்கும்.

“காலேஜ் ஐடி எடுத்துக்கினியா?”

“எடுத்துக்கினேன்மா.”

“தல நிமிந்து பேசு. தப்பு பண்ணவ மாதிரி தரையப் பாக்காத.”

ஜாஸ்மின் அம்மாவைப் பார்த்தாள். “நீ நம்புறல்ல? நான் எழுதலன்னு?”

“நம்பாம இன்னாடி” என்றாள் தேசம்மா. ஒரு நொடி தாமதமாகச் சொன்னாள். அந்த ஒரு நொடியை மகள் கவனித்துவிட்டாள்.

பாரத் ஆட்டோவோடு வந்து நின்றான். தேசம்மாவின் தம்பி, முப்பத்தெட்டு வயது, சொந்த ஃபைபர் படகு வைத்திருப்பவன். அக்கா மகள் மேல் உயிர். அவளுக்காக இன்று படகை இறக்கவில்லை.

ஆட்டோ கடற்கரை ஓரமாகப் போனது. மணலில் ஏற்றிவைத்த படகுகள் வரிசையாக நின்றன. அந்தக் குப்பத்தில் படகுக்கு நம்பர் எழுதுவது என்றால் லாசரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எழுதும் ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும். தூரத்தில் கடலோரக் காவல் படகிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்பது அவர் கணக்கு. மூன்றாம் வகுப்பில் ஜாஸ்மின் அப்பாவைப் பார்த்து ஏழுக்குக் கோடு போட, டீச்சர் அத்தனை கணக்கையும் தப்பு போட்டுவிட்டார். லாசர் பள்ளிக்கூடத்துக்கே போய் சண்டை போட்டார். அப்படி ஓர் அப்பா.

“அந்தப் பொண்ணு கையில டிக்கெட் இருந்துச்சுல்ல?” என்றான் பாரத்.

“இஃப்ராவா? பரீட்சைக்கு முன்னாடி நான் மூஞ்சி கழுவப் போனப்ப குடுத்துட்டுப் போனேன் மாமா.”

“அப்ப அத்த சொல்லு. இருந்தத இருந்துச்சுன்னு சொல்றதுல இன்னா தப்பு?”

“அவ எழுதிருப்பாளான்னு தெரியலயே.”

“எழுதலன்னா ஏன் போன எடுக்க மாட்டேன்றா?” தேசம்மா குறுக்கிட்டாள். “மூணு வாரமா கூப்புடுற. மடியில கனம் இல்லாதவ எடுத்துப் பேச வேண்டியதுதான?”

முதல் வருடத்திலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள் இஃப்ரா. மெமோ வந்த நாளிலிருந்து போனை எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் பதிலும் இல்லை. அதுதான் ஜாஸ்மினின் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

பாரத் பேச்சை மாற்றினான். “எனக்கும் நேரமே சரியில்லக்கா. என் பார்ல மீனே நிக்கல. நவம்பர்லேர்ந்து எவனோ எனக்கு முன்னாடி பூந்து வாரிக்கினு போறான். நான் போய் வலைய வுட்டா வெறும் தண்ணிதான் வருது.”

கடலுக்கு அடியில் கல்லும் பாறையுமாக மீன் வந்து கூடும் இடத்தைத்தான் அவர்கள் பார் என்பார்கள். பத்து வருடம் தேடித் தேடி ஒருவன் ஐந்தாறு பார் கண்டுபிடிப்பான். அது எங்கே இருக்கிறது என்பதை அவனுடைய மெஷினும் அவன் மண்டையும் மட்டும்தான் அறியும்.

“எவன்னு சந்தேகப்படுற?” என்றாள் தேசம்மா.

“பக்கத்துக் குப்பத்துப் பசங்கதான். வேற எவன்? கையும் களவுமா மாட்டட்டும், அப்ப கீது அவனுக்கு.”

தேசம்மா ஆட்டோவுக்கு வெளியே பார்த்தாள். நவம்பரிலிருந்து லாசருக்கு மீன்பாடு நன்றாகவே இருக்கிறது. வஞ்சிரம், சீலா, ஒரு நாள் கூடை நிறையச் சங்கரா. மந்தைவெளிப் பக்கம் கூடையை இறக்கி வைத்தால் வாடிக்கைக்காரிகள் மொய்த்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணி. ‘எங்கேயா கெடைக்குது இவ்ளோ மீனு’ என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். ‘மாதா குடுக்குறா’ என்றார். மாதா பேரைச் சொன்ன பிறகு அவள் மறுபடி கேட்கவில்லை.

பாலத்தில் காற்று அடித்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைசி நாற்காலியில் இஃப்ரா இருந்தாள். ஜாஸ்மினைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். ஜாஸ்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இஃப்ரா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“பாத்தியா, கண்ணப் பாக்க முடியல அவளால” என்று தேசம்மா மகள் காதில் சொன்னாள். முகத்தைத் திருப்பியது தன் மகள்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அலுவலக உதவியாளர் மதிவாணன் கோப்போடு வந்தார்.

“சார், அந்த ஹால் டிக்கெட்ட ஒரு தடவை பாக்கலாமா? ரெண்டு தடவை மனு குடுத்தேன்” என்றாள் ஜாஸ்மின்.

“சீல் வச்ச கவர்ல இருக்கும்மா. கமிட்டி முன்னாடிதான் பிரிக்கணும். உள்ள காட்டுவாங்க.”

“என்ன எழுதியிருந்துச்சுன்னே தெரியாம நான் என்ன பதில் சொல்றது?”

“எல்லாருக்கும் இதே நடைமுறைதான்மா” என்றார் மதிவாணன். நல்ல மனிதர்தான். நடைமுறை என்ற சொல் கையில் இருந்தால் நல்ல மனிதர்களுக்கும் வேலை சுலபமாகிவிடுகிறது.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், பேராசிரியர் ஸ்ரீலக்ஷ்மி. ஒரு பக்கம் தேர்வு அலுவலகத்திலிருந்து வந்த ஒல்லியான அதிகாரி. இன்னொரு பக்கம் இருந்தவர் விசாரணை முடியும்வரை தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மதிவாணன் ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“அப்பா வரலையா?” என்றார் ஸ்ரீலக்ஷ்மி.

“கடலுக்குப் போயிருக்காரு மேடம். நான் தாய்மாமன்” என்றான் பாரத்.

“இன்னிக்குப் போகாம இருந்திருக்கலாமே” என்றார். தேசம்மாவுக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் காலையிலிருந்து அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒல்லி அதிகாரி தொடங்கினார். “எல்லா வரியும் பதிமூணுல ஆரம்பிக்குதுன்னு கண்காணிப்பாளர் எழுதிக் குடுத்திருக்கார். கேள்வித்தாள்ல பதிமூணாவது கேள்விக்கு இந்த மாணவி முழு மதிப்பெண் வாங்கியிருக்காங்க.”

“அது நான் படிச்ச கணக்கு சார்.”

“படிச்சவங்க எதுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க?”

ஜாஸ்மின் அம்மா சொன்னபடி தலையை நிமிர்த்தித்தான் வைத்திருந்தாள். கண்தான் கலங்கியது. “எழுதுனா சீக்கிரம் முடிஞ்சிடும்னு அங்க ஒரு சார் சொன்னாங்க.”

“எந்த சார்?”

“பேர் தெரியாது.”

மதிவாணன் அதையும் தட்டச்சு செய்தார். ஸ்ரீலக்ஷ்மி கையை உயர்த்தி அதிகாரியை நிறுத்தினார். குரலில் கோபம் இல்லை. “சரிம்மா. தேர்வுக்கு முன்னாடி உன் ஹால் டிக்கெட் வேற யார் கைக்காவது போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

தேசம்மா மகளின் முழங்கையைத் தொட்டாள். லேசாகத்தான் தொட்டாள்.

“இஃப்ரா கையில இருந்தது மேடம்.”

“எவ்வளவு நேரம்?”

மூஞ்சி கழுவ இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு நிமிடத்தில் ஐந்து வரி எழுத முடியுமா என்று கேட்டுவிடுவார்களே என்று ஜாஸ்மினின் மூளை அவசரமாகக் கணக்குப் போட்டது.

“ஒரு பத்து நிமிஷம்.”

மதிவாணனின் விரல்கள் தட்டின. பத்து நிமிடம் பதிவாகிவிட்டது.

அதன் பிறகுதான் ஸ்ரீலக்ஷ்மி கத்தரிக்கோலை எடுத்து உறையின் ஓரத்தை வெட்டினார். தாளை வெளியே எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். “பாருங்க.”

ஜாஸ்மின் குனிந்தாள். முதல் வரி இப்படி இருந்தது: 13 01 737 80 24 177.

மீனவன் மகளுக்கு அதைப் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? “இது வந்து...” என்று ஆரம்பித்தாள். அப்புறம் அவள் கண் அந்த ஏழுகளில் நின்றது. வாய் அப்படியே மூடிக்கொண்டது.

தேசம்மாவுக்குப் படிப்பு வராது. எண்கள் என்ன சொல்கின்றன என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தாளில் பத்துப் பன்னிரண்டு ஏழுகள் இருந்தன, ஒவ்வொன்றின் நடுவிலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு. இருபத்திரண்டு வருடமாகப் படகு முகப்பில், வாசல் கதவில், கேஸ் புத்தகத்தில், மகள் பிறந்த தேதியில் பார்த்த ஏழு. அவள் கட்டைவிரல் தானாகப் போய் அந்தக் கோட்டைத் தடவியது.

எழுதியது யார் என்று அந்த மனிதர் ஏன் மூன்று வாரமாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது. தெரிந்தவன் எதற்குக் கேட்கப் போகிறான்?

அவள் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள், தம்பி பார்க்காமல் இருக்கட்டும் என்று. பாரத் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டான்.

முதலில் சாதாரணமாகத்தான் பார்த்தான். பிறகு தாளைக் கையில் எடுத்தான். முதல் வரி, இரண்டாம் வரி. ஐந்தாம் வரிக்கு வந்தபோது அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“மேடம், இது பரீட்சைக் கணக்கு இல்ல” என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. “கடல்ல இடம். ஜிபிஎஸ் பாயிண்டு. அஞ்சும் மீன் நிக்கிற பாரு.”

ஒல்லி அதிகாரி சிரித்தார். “நல்ல கதையா இருக்கே. எப்படி நம்பறது?”

பாரத் தாளைக் கவிழ்த்து மேசையில் வைத்தான். “நான் பாக்காம சொல்றேன், நீங்க சரி பாருங்க. ஆனா அந்த சார் டைப் பண்ணக் கூடாது.”

ஸ்ரீலக்ஷ்மி மதிவாணனைப் பார்த்தார். மதிவாணன் இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பாரத் கண்ணை மூடிக்கொண்டான். “பதிமூணு, ஒண்ணு, எழுநூத்தி முப்பத்தேழு. எண்பது, இருபத்தி நாலு, நூத்தி எழுபத்தேழு.” ஜெபம் சொல்வதைப் போல ஐந்து வரியும் வந்தது. அப்பாவின் சாவுக்குப் பிறகு தனியாகக் கடலில் அலைந்து கண்டுபிடித்த ஐந்து இடம். கட்டிய மனைவிக்கே சொன்னதில்லை. அக்கா மகளுக்காக நான்கு அந்நியர் முன்னால் கொட்டினான்.

அதிகாரி விரலால் ஒவ்வொரு எண்ணாகச் சரி பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் சிரிப்பு போய்விட்டது.

“அப்போ இதை எழுதினது நீங்க?” என்றார் ஸ்ரீலக்ஷ்மி.

“நான் இல்ல மேடம். எங்கள்ல எவனும் தன் பாயிண்ட எழுதி வைக்க மாட்டான்.”

“உங்க எண் இந்தப் பொண்ணோட ஹால் டிக்கெட்ல எப்படி வந்தது?”

“அதுதான் எனக்கும் தெரியணும்” என்றான் பாரத். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தான்.

ஸ்ரீலக்ஷ்மியும் தேசம்மாவைப் பார்த்தார். தாளைத் தொட்ட அந்தக் கட்டைவிரலை அவர் கவனித்திருக்க வேண்டும். “அம்மா, இது யார் கையெழுத்துன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தேசம்மா தம்பியைப் பார்த்தாள். பேர் சொன்னால் மகள் தப்பிப்பாள். பேர் சொன்ன அதே நொடியில் தம்பியின் வயிற்றில் அடித்தவன் தன் புருஷன் என்பது தம்பி முன்னாலேயே பதிவாகிவிடும். நாளைக்கு இரண்டு படகும் ஒரே கரையில் நிற்க முடியாது. கத்தி எடுத்தாலும் எடுப்பார்கள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது மேடம்” என்றாள்.

அது உண்மைதான். இத்தனை வருடத்தில் அந்த உண்மையை அவள் இவ்வளவு வெட்கத்தோடு சொன்னதில்லை.

ஸ்ரீலக்ஷ்மி பேனாவை மூடினார். “பாடத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எனக்குத் தோணுது. ஆனா தோணறதை வெச்சு நான் உத்தரவு போட முடியாது. எழுதினவர் வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள நேர்ல வரணும். எங்க முன்னாடி எழுதிக் காட்டி, எப்போ, எதுக்கு எழுதினேன்னு கையெழுத்துப் போடணும். வந்தா எச்சரிக்கையோட முடிச்சிடலாம்.”

“வரலன்னா மேடம்?” என்றாள் ஜாஸ்மின்.

“என் கையில ரெண்டுதான் இருக்கும். நீ எழுதின மன்னிப்பு, அப்புறம் பத்து நிமிஷம் டிக்கெட்டை வெச்சிருந்த ஒரு பொண்ணோட பேர். அவங்களுக்கும் மெமோ போகும்.”

வெளியே வந்தபோது மதிவாணன் இஃப்ராவை உள்ளே கூப்பிட்டார். அவள் ஜாஸ்மினைத் தாண்டிப் போகையில் நின்றாள்.

“போன் எடுக்கலன்னு கோவமா? அன்னிக்கு உனக்குப் பக்கத்து சீட்டுன்னு என்னையும் சாட்சியா கூப்பிட்டு லெட்டர் வந்துச்சு ஜாஸ். சம்பந்தப்பட்ட மாணவியோட பேசக் கூடாதுன்னு அதுல போட்டிருந்தாங்க. வாப்பா போனையே வாங்கி வச்சுக்கிட்டார்.”

இஃப்ரா கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்.

“அன்னிக்கு நீ குடுத்தப்பவே பின்னாடி ஏதோ எழுதிருக்கறதப் பாத்தேன். உங்க வீட்டுல யாரோ கணக்கு எழுதிட்டாங்கன்னு நெனச்சேன். சொல்றதுக்குள்ள பெல் அடிச்சிடுச்சு. இப்ப உள்ள அதத்தான் சொல்லப் போறேன். ரெண்டு நிமிஷம்கூட என் கையில இல்ல, ஆனா நான் பாத்தேன்னு சொன்னா உனக்கு உதவும்ல?”

கதவு மூடிக்கொண்டது. ஜாஸ்மின் கதவுக்கு எதிரே நின்றாள். இப்போது உள்ளே போய் ‘நான் சொன்ன பத்து நிமிடம் பொய்’ என்று சொன்னால், மீதி எல்லாமும் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் இஃப்ரா பொய் சொல்கிறாள் என்றாகும்.

திரும்பி வரும் ஆட்டோ பாலத்தைத் தாண்டியது.

“அக்கா” என்றான் பாரத். “மழையில எங்க பக்கம் கரண்ட் போச்சே. என் மெஷின உங்க வூட்ல சார்ஜ் போட்டேனே. அது எந்த நாளு?”

“தெர்லடா. ஞாபகம் இல்ல.”

“பரீட்சைக்கு மொத நாளு மாமா” என்றாள் ஜாஸ்மின்.

தேசம்மா மகளை முறைத்தாள். மகள் அம்மாவைப் பார்க்கவே இல்லை. மாதாவின் காலடியில் வெற்றுப் பக்கம் மேலே தெரிய மடித்து வைத்த ஒரு தாளும், அதே அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மெஷினும், விடிவதற்கு முன்னால் கண்ணாடி இல்லாமல் குனிந்து எழுதும் அப்பாவும் அவள் கண் முன்னால் தெளிவாக நின்றார்கள். எந்தத் தாளில் எழுதுகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அது வரைக்கும் மன்னிக்கலாம் என்று நினைத்தாள். மெமோவைப் படித்துக் காட்டிய பிறகும் வாயைத் திறக்காததை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கரைக்கு வந்தபோது மணி இரண்டு. வெயிலில் மணல் கொதித்தது. மூன்று பேரும் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் சொல்லாமலே படகு இறங்கும் இடத்துக்குப் போய் நின்றார்கள்.

“நீதானக்கா அந்த மீன வித்த” என்றான் பாரத். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ரெண்டு மூணு மாசமா. எங்கேர்ந்து வருதுன்னு உனக்கு ஒரு சந்தேகம்கூட வரல?”

“மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாதுடா.”

“தெரியாதுன்றது வேற. கேக்கலன்றது வேற.”

தம்பி தன்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுகிறான் என்பது தேசம்மாவுக்குப் புரிந்தது. பாதியளவுக்கு அவன் சொல்வது சரி என்பதுதான் இன்னும் வலித்தது.

லாசரின் படகு அலையில் ஏறி இறங்கிக் கரை சேர்ந்தது. முகப்பில் பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பெரிதாகத் தெரிந்தது: 1774. கூட்டாளிகள் வலையை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். லாசர் கூடையைத் தூக்கி வந்து தேசம்மாவின் காலடியில் வைத்தார். மூன்று பெரிய வஞ்சிரம், வெயிலில் வெள்ளியாக மின்னின.

“இன்னா ஆச்சு, முடிஞ்சிதா?” என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் இறக்கும் கூடையை இடுப்பில் ஏற்றுவது அவள் வேலை. வயிற்றில் ஜாஸ்மினைச் சுமந்தபோதும் ஏற்றினாள். இன்று தேசம்மா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள். கூடையில் ஈ வந்து உட்கார்ந்தது. கரையிலிருந்த மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜாஸ்மின் பையிலிருந்து மெமோவையும் பேனாவையும் எடுத்தாள். மெமோவைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து நீட்டினாள்.

“நைனா, இதுல ஒரு ஏழு போட்டுக் காட்டு.”

“இன்னாத்துக்கு?”

“போடு நைனா.”

லாசர் மகளைப் பார்த்தார். பக்கத்தில் நிற்கும் மைத்துனனைப் பார்த்தார். தொடப்படாமல் கிடக்கும் கூடையைப் பார்த்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார், இரண்டு முறை. பேனாவை வாங்கினார்.

ஜாஸ்மின் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். கோட்டைப் போட்டுடு நைனா. போட்டுட்டு ஆமான்னு சொல்லு. மாமா அடிச்சா நான் நடுவுல வர்றேன். வெள்ளிக்கிழமை நானே உன்னக் கையப் புடிச்சு இட்டுக்கினு போறேன்.

பேனா தாளில் பட்டது. மேலே ஒரு படுக்கைக் கோடு, அங்கிருந்து கீழே ஒரு சாய்ந்த கோடு. லாசரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பேனாவை மூடி மகளிடம் கொடுத்துவிட்டார்.

“போதுமா?” என்றார்.

தாளில் மொட்டையாக ஒரு ஏழு இருந்தது. நடுவில் கோடு இல்லை. பின்னால் அவர் கையாலேயே எழுதிய படகு நம்பரில் இரண்டு ஏழும் குறுக்குக் கோட்டோடு ஈரமாக நின்றன.

பாரத் திரும்பித் தன் படகை நோக்கி நடந்தான். தேசம்மா அவன் பின்னால் ஓடினாள். ஜாஸ்மின் மெமோவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.